பச்சைப் பொய்

அத்தியாயம் ஒன்பது

“அந்தப் பேனாவக் கீழ வை!”

மதனின் கை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. எல்லாம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ‘பதினோரு வாரமாக வேலை செய்வதுபோல நடித்து நிறுவனத்தை ஏமாற்றினேன். மன்னிக்கவும்.’ கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் அவன் பெயர் ஏறவேண்டியதுதான் பாக்கி.

மாதேஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பின்னாலேயே அவள் கடையில் வேலை செய்யும் ஜேக்கப், ஹெல்மெட்டைச் சட்டிபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

“யாரும்மா நீ?” என்றார் மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த மாணிக்கவாசகம். மைசூர் வாணி சிஸ்டம்ஸின் முதலாளி. நெற்றி நிறையத் திருநீறு.

“மாதேஸ்வரி. அக்ரஹாரத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மெஷின் தப்பா மனுஷன் தப்பான்னு சண்டை வந்தா என்னையக் கூப்புடுவாங்க.”

“நான் கூப்பிடலையே?”

“இவன் அம்மா கூப்பிட்டாங்க.”

மதன் தலையைத் தூக்கவில்லை. அவனுடைய அம்மா பொன்னம்மா காலையில் சித்தாள் வேலையை அப்படியே விட்டுவிட்டு, கையில் காய்ந்த சிமெண்டோடு மாதேஸ்வரியின் கடைக்கு வந்திருந்தாள். “எம்பட பையன் ஒண்ணுமே எழுதலைங்கறாங்க கண்ணு. ராவும் பகலும் அதே நெனப்பா இருந்தானே, அது பொய்யா?” இப்போது கீழே, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறாள். உள்ளே வாருங்கள் என்று ஜேக்கப் கூப்பிட்டதற்கு, பளபளவென்றிருந்த தரையையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர, நகரவில்லை.

“பாரும்மா,” மாணிக்கவாசகத்தின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் கூடுதலாக இருந்தது. “எனக்கும் மனசு கேக்கல. கோபிநத்தத்துப் பையன், நம்ம பாஷை பேசற பையன்னு ஆசையா சேர்த்தேன். கையெழுத்துப் போட்டா சர்டிஃபிகேட்டைக் கொடுத்து அனுப்பிடறேன். போடலைன்னா மோசடின்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கணும். பெங்களூர்க்காரங்க அதத்தான் சொல்றாங்க.”

சர்டிஃபிகேட் என்றபோது அவர் கை காட்டிய இடத்தில் பச்சை நிற இரும்பு பீரோ. அதன் நெற்றியில், காய்ந்துபோன சந்தனத்தில் ஒரு பெரிய ‘உ’, பக்கத்தில் சாய்வாக இரண்டு கோடு. அந்தப் பீரோவுக்குள்தான் மதனின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகள் பூட்டிக் கிடந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பன், தாத்தா யாரும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டாத வீட்டில் முதல் டிகிரி வாங்கியவனிடம், சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்தக் காகிதங்களைத் தவிர என்ன இருக்கும்? மாதேஸ்வரிக்குத் தெரியும். சொந்த ஊரான கௌதள்ளியில் அவள் வீட்டிலும் அவள்தான் முதல். அவளுடைய காகிதங்களும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பீரோவுக்குள் கிடந்தன. பீரோ என்றாலே அவளுக்கு எட்டி உதைக்கத் தோன்றும்.

“கையெழுத்துப் போட்டா சர்டிஃபிகேட் கெடைக்கும். அதுக்கப்புறம் அத வெச்சு எங்க வேலை கெடைக்கும்?” என்றாள். “ஏமாத்துக்காரன்னு இவனே எழுதிக் கொடுத்த காகிதம் இவனுக்கு முன்னாடி போய் எல்லாக் கம்பெனியிலயும் உக்காந்திருக்குமே.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பெங்களூர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த வைஷாலி. அந்தக் கம்பெனியின் புரோகிராம்கள், இரண்டாயிரம் பிறந்ததும் தேதி தெரியாமல் பைத்தியம் பிடித்துப் போகாதபடி திருத்தும் வேலையைத்தான் வாணி சிஸ்டம்ஸ் எடுத்திருந்தது. இரண்டாயிரம் பிறக்க இன்னும் மூன்றே வாரம்.

“நாலு மணிக்கு என் கார் கெளம்பும்,” என்றாள் பெங்களூர்த் தமிழில். “ரிப்போர்ட்டும் என்கூட வரும். என் ரிப்போர்ட்ல மூணு பேர். தீபக், நல்லா வேலை செஞ்சிருக்கார். ஷாரன், புதுசு, பரவால்ல. மதன், உயிருள்ள வரி எத்தனைன்னு தெரியுமா? பூஜ்ஜியம்.”

“பூஜ்ஜியமா? வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருப்பானே, அதையாவது ஒரு வரின்னு சேத்துக்கக் கூடாதா மேடம்?” என்றான் ஜேக்கப்.

வைஷாலி சிரிக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்த் தன் கலர் மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

திரையில் ஹெரான் என்ற எடிட்டர். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான நோட்டுப் புத்தகம் மாதிரி. எழுதுவதை அதுவே வண்ணம் பிரித்துக் காட்டும்: கட்டளை நீலம், எண் சிவப்பு, மனிதர்கள் தங்களுக்காக எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு பச்சை. பச்சையை இயந்திரம் திரும்பியும் பார்க்காது. திறப்புக்குறிக்கும் மூடும்குறிக்கும் நடுவில் எதை எழுதினாலும் அது குறிப்பு. இயந்திரத்தைப் பொறுத்தவரை செத்த எழுத்து.

மதனின் ஃபைல் தலையிலிருந்து கால்வரை பச்சையாக இருந்தது. நெல் வயல் மாதிரி.

“பதினோரு வாரமா குறிப்பு எழுதியிருக்கான்,” என்றாள் வைஷாலி. “பக்கம் பக்கமா. ஸ்க்ரீன் நெறைஞ்சு இருக்கணுமே, அதுக்காக. ஹெரான்ல வரியை எண்ணற வசதி இருக்கு. பச்சையை விட்டுட்டு எண்ணும். எண்ணிச்சு. பூஜ்ஜியம்.”

மாதேஸ்வரி அறைவாசலில் நின்ற மதனிடம் திரும்பினாள். “இத்தன நாளா இது உன் கண்ணுல படலயா?”

“என்னோடதுல கலர் இல்லைங்க்கா,” என்றான் மதன். அன்று அவன் பேசிய முதல் வாக்கியம்.

போய்ப் பார்த்தார்கள். தீபக்குக்குக் கலர் மானிட்டர். போன மாதம் சேர்ந்த ஷாரனுக்குக்கூடக் கலர் மானிட்டர். மதனுடைய மேஜையில் மட்டும், மூலையில், கழிப்பறைக் கதவை ஒட்டி, பழைய ஒற்றை நிற மானிட்டர். கறுப்பில் மஞ்சள் எழுத்து. அவ்வளவுதான்.

“இதைக் கொடுத்தது யாரு?”

“கடைசியா எது மிஞ்சியிருந்துச்சோ அது,” என்றான் பக்கத்து மேஜை தீபக், கன்னடம் கலந்த தமிழில், திரும்பாமலேயே.

மாதேஸ்வரி அவனுடைய கலர் மானிட்டரை ஒருமுறை பார்த்தாள். கொளுத்திப் போடுகிற நேரம் இதுவல்ல. மூன்று மணி தாண்டியிருந்தது.

“புரோகிராம் ஓடுதா?” என்று மதனிடம் கேட்டாள்.

“ஓடுதுங்க்கா. தினமும் ஓடுது.”

“ஓடுறது தீபக் எழுதின பகுதின்னு சார் சொன்னார்,” என்றாள் பின்னாலேயே வந்த வைஷாலி.

மாதேஸ்வரி தீபக்கைப் பார்த்தாள். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. “அப்படின்னு நீ சொன்னியா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அதத்தான் கேக்கறேன். ஏன் ஒண்ணும் சொல்லல?”

தீபக்கின் காது சிவந்தது. “நாங்க ரெண்டு பேரும் வேற வேற ஃபைல். அவன் ஃபைல்ல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஏசுவ சிலுவைக்கு அனுப்பிட்டு பிலாத்து கை கழுவின சோப்பு இன்னும் கடையில கெடைக்குது போல,” என்று ஜேக்கப் முணுமுணுத்தான். ஷாரன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் சர்ச்சுக்குப் போகிறவள்.

மாதேஸ்வரி மதனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபைலைக் கீழே கீழே ஓட்டினாள். நடுவில், தப்பான தேதி கொடுத்தால் ‘Wrong date’ என்று எச்சரிக்கும் ஒரு வரி. அதை அழித்துவிட்டு ‘Kowdalli’ என்று அடித்தாள். கம்பைலரை ஓட்டினாள். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. பிறகு புரோகிராமை இயக்கி, பிப்ரவரி முப்பதாம் தேதி என்று கொடுத்தாள்.

திரையில் எழுந்தது: Kowdalli.

“ஆகா!” என்றான் ஜேக்கப். “பஸ்ஸே ஒழுங்கா போகாத ஊரு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குள்ள போயிடுச்சு.”

“உயிருள்ள வரியே இல்லைன்னீங்க,” மாதேஸ்வரி வைஷாலியிடம் சொன்னாள். “செத்த எழுத்து பேசுமா?”

வைஷாலியின் முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்துபோனது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. “இதே ஹெரான் தீபக்குக்குச் சரியா எண்ணிச்சு. ஷாரனுக்குச் சரியா எண்ணிச்சு. இவனுக்கு மட்டும் பொய் சொல்லுமா? நீங்க இப்ப உக்காந்து என்ன மாத்தினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் புரோகிராம் படிக்கறவ இல்ல. ரிப்போர்ட் எழுதறவ. ஏன்னு காட்டுங்க. காட்ட முடியலைன்னா நாலு மணிக்கு நான் கெளம்பறேன்.”

கண்ணாடி அறைக் கதவு சாத்திக்கொண்டது.

மதன் மெதுவாகச் சொன்னான்: “விடுங்க்கா. கையெழுத்துப் போட்டுடறேன். அம்மா இவ்வளவு நேரமா வெயில்ல நிக்கறாங்க.”

“வாய மூடு,” என்றாள் மாதேஸ்வரி. “உங்கம்மா இந்தக் காகிதத்துக்காகவா செங்கல் சுமந்தாங்க?”

*

“பச்சை எங்க ஆரம்பிக்குதோ, அங்கதான் பொணம் கெடக்கும்,” என்றான் ஜேக்கப், ஷாரனின் கலர் மானிட்டரில் மதனின் ஃபைலைத் திறந்துகொண்டே. “குரு, முதல் வரியிலிருந்தே பச்சைதான்.”

முதல் வரியில் இருந்தது இவ்வளவுதான்:

/*2//*/

“இது என்ன?”

“தெரியலைங்க்கா,” என்றான் மதன். “நான் எழுதல. ரொம்ப நாளா இருக்குது. இரண்டாயிரம் வேலைக்கு ஆபீஸ்ல போட்ட நம்பராக்கும்னு விட்டுட்டேன்.”

“ரெண்டும் ரெண்டு கோடும். ரெண்டு கோடி சம்பளம் தரேன்னு யாரோ சூசகமா சொல்லியிருக்காங்க,” என்றான் ஜேக்கப்.

“சும்மா இரு.” மாதேஸ்வரி உற்றுப் பார்த்தாள். திறப்புக்குறி இருக்கிறது: சாய்வுக்கோடு, நட்சத்திரம். மூடும்குறியும் இருக்கிறது: நட்சத்திரம், சாய்வுக்கோடு. நடுவில் ஒரு 2, ஒரு கோடு, இன்னொரு கோடு. சின்னக் குறிப்பு. திறந்தது, மூடியது. அதற்குக் கீழே ஏன் எல்லாம் பச்சையாகவேண்டும்?

“தீபக்கோட ஃபைல் தலையில என்ன இருக்குன்னு பாரு.”

தீபக்கின் ஃபைலிலும் முதல் வரி இருந்தது. /*Shri*/

“ஸ்ரீ. அட, சாமி பேரு,” என்றான் ஜேக்கப்.

“அது நான் எழுதினதில்ல,” என்றான் தீபக் அவசரமாக. “சாமி பேர்தானே, நல்லதுக்குத்தான் இருக்கும்னு விட்டேன்.”

ஷாரனின் ஃபைலில் தலையில் ஒன்றுமே இல்லை. நேராகக் கட்டளை. ஷாரன் வேலைக்குச் சேர்ந்தது நவம்பரில்.

மாதேஸ்வரி எழுந்து மதனின் கீபோர்டைக் கையில் தூக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எழுத்துப் பட்டன்கள் மதனின் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தன. ஆனால் வலது கோடியில், எண்கள் மட்டும் தனியாக இருக்கும் இடத்தில், மதனின் விரல் போனதே இல்லை. அங்கே மூன்று பட்டன்களின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. சாய்வுக்கோடு. நட்சத்திரம். இரண்டு.

முகர்ந்து பார்த்தாள்.

“சந்தனம்.”

“மைசூர்ல போய் சந்தனத்தை ஒரு துப்புன்னு சொன்னா போலீஸ்காரன் சிரிப்பான் குரு. மொத்த ஊரையும் அரெஸ்ட் பண்ணணும்.”

“தீபக்கோட கீபோர்ட எடு.”

தீபக்கின் கீபோர்டிலும் அதே வலது கோடி. ஆனால் சந்தனம் இரண்டு பட்டன்களில்தான். சாய்வுக்கோடு, நட்சத்திரம். ‘ஸ்ரீ’யின் எழுத்துகளில் இருந்த சந்தனம் அன்றாட வேலையில் உதிர்ந்திருக்கும். ஷாரனுடையது சுத்தம்.

“ஆயுத பூஜை,” என்றாள் மாதேஸ்வரி. “அன்னைக்கு யார் யாரு இருந்தீங்க?”

“எல்லாரும்தான்,” என்றான் தீபக். “கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வெச்சாங்க. பொரி வாங்கினோம். தசரா ஊர்வலத்துக்கு எடம் புடிக்கணும்னு ஓடிட்டோம்.”

“ஊர்வலம் மறுநாள்தானே?”

“எடம் பத்திப் பேசறதுக்கு,” என்றான் தீபக், எங்கோ பார்த்துக்கொண்டு.

ஜேக்கப் அவள் காதருகே குனிந்தான். “குரு, இவன்தான். மதனுக்குக் கெடுதல் பண்ண இதவிட ஆள் வேணுமா? சந்தேகம் வரக்கூடாதுன்னு தன் ஃபைல்லயும் சாமி பேரைப் போட்டு வெச்சிருக்கான்.”

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த இஸ்திரிச் சட்டையைக் கசக்க அவளுக்குக் கை பரபரத்தது. ஆனால் புரோகிராம் எழுதுகிற எவனும் சாய்வுக்கோட்டுக்காக வலது கோடிக்குப் போகமாட்டான். பழக்கம் அவனை எழுத்துப் பட்டன்களுக்குத்தான் இழுக்கும். எண்களோடேயே வாழ்ந்த ஒரு கைதான் தானாக அங்கே போகும். கன்னடக்காரப் பையனுக்கு ஸ்ரீ என்று எழுதிய கை, தமிழ்ப் பையனுக்கு மட்டும் ஏன் ரெண்டு என்று எழுதியது?

அவள் கண் தானாக அறையின் மறுகோடிக்குப் போனது. இரும்பு பீரோ. அதன் நெற்றி.

அடப்பாவி.

“ஷாரன், ஹெரான் வந்த சிடி இருக்கா?”

“இருக்குக்கா. பத்திரிகையோட வந்தது. அதுல ஹெரானை எழுதினவங்களோட மூலப் புரோகிராமும் சேர்ந்தே இருக்கு.”

அதுதான் ஹெரானின் பெருமை. அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. முகம் தெரியாத பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறதென்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம் என்று பூட்டுப் போடாமல் விட்டுவைத்த வீடு. பீரோக்களின் நாட்டில் அப்படியொரு வீடு.

“எந்திரிம்மா,” என்று சொல்வதற்குள் ஷாரன் எழுந்து நின்றுவிட்டாள்.

மாதேஸ்வரி உட்கார்ந்து, வண்ணம் பூசும் பகுதியைத் தேடிப் பிடித்தாள். அது இப்படித்தான் வேலை செய்தது: திறப்புக்குறியைப் பார்த்தால் ஒன்று கூட்டு, மூடும்குறியைப் பார்த்தால் ஒன்று கழி, கணக்கு பூஜ்ஜியமாகும்வரை எல்லாம் பச்சை. குறிப்புக்குள் குறிப்பு வைக்கலாம் என்று அனுமதிக்கிற கணினி மொழிகள் சில உண்டு. அவற்றுக்கு இது சரி. மதன் எழுதிய மொழியில் அது கிடையாது. ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், முதல் மூடும்குறியோடு முடிந்தது. எழுதிய மகராசன் எல்லா மொழிக்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட்டிருந்தான்.

“மாட்டினான்,” என்றாள். “ஏற்கெனவே குறிப்புக்குள்ள இருந்தா இன்னொரு திறப்பைக் கண்டுக்காதே. ஒரு வரி. ஒரே வரி.”

அடித்தாள். கம்பைலருக்குக் கொடுத்தாள். ஹெரான் முழுக்கப் புதிதாகக் கட்டப்படவேண்டும். திரையில் வரிகள் நத்தையாக ஊர்ந்தன.

விளக்கு அணைந்தது. மின்விசிறி ஓய்ந்தது. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் பீப்... பீப்... என்று அழ ஆரம்பித்தது.

“இந்த விஜயநகர் ஏரியாவுக்கு மூணரை மணி கரண்ட் கட்டு. பென்ஷன்காரங்க தூங்கி எந்திரிக்கட்டும்னு எழுப்பி விடறாங்க,” என்றான் ஜேக்கப். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. “எவ்வளவு நேரம் தாங்கும்?”

“தெரியாது,” என்றாள் ஷாரன். “பேட்டரி பழசு.”

கட்டி முடிந்தது. மாதேஸ்வரி புதிய ஹெரானில் மதனின் ஃபைலைத் திறந்தாள்.

ஒரு பொட்டுப் பச்சை இல்லை. எங்குமே இல்லை. மதன் உண்மையாகவே குறிப்பென்று எழுதியிருந்த வரிகள்கூட நீலமும் சிவப்புமாக இருந்தன.

“தலைகீழா எழுதிட்டேன்!” அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். “உள்ள இருந்தா கண்டுக்காதேன்னு எழுதறதுக்கு பதிலா, வெளிய இருந்தா கண்டுக்காதேன்னு எழுதித் தொலைச்சிருக்கேன்.”

பீப். பீப். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடி அறைக்குள் வைஷாலி பையை மூடுவது தெரிந்தது. மதன் சத்தமில்லாமல் மாணிக்கவாசகத்தின் மேஜைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தான்.

“ஜேக்கப்பு, அவனைப் புடி.”

ஜேக்கப் பிடித்தான். தோளில் கைபோட்டு, கிட்டத்தட்ட கட்டிப்பிடித்து. “எங்க போற தம்பி? கையெழுத்து அழகா வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் பழகணும் நீ. நாளைக்கு லோன் பேப்பர்ல, கல்யாணப் பத்திரிகைல எல்லாம் போடணும். இதுல வீணாக்காதே.”

அவள் திருத்தினாள். மறுபடி கட்டினாள். பீப்பீப்பீப். புதிய ஹெரானை ஃப்ளாப்பியில் ஏற்றி வெளியே இழுத்த அதே நொடியில் யூபிஎஸ் ஒரு நீள ஊளையோடு செத்தது. ஷாரனின் திரை இருண்டது.

“கண்ணாடி ரூமுக்கு வேற யூபிஎஸ்,” என்றாள் ஷாரன். “அது புதுசு.”

*

வைஷாலி பையைத் தோளில் மாட்டியிருந்தாள். “கெளம்பணும்.”

“ஒரே நிமிஷம். சார், நீங்களும் வாங்க.” மாதேஸ்வரி மாணிக்கவாசகத்தைக் கூப்பிட்டாள். “யாரு பண்ணதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவர் விருட்டென்று எழுந்து வந்தார். “யாரு? பண்ணினவன் யாரா இருந்தாலும் விடமாட்டேன். நான் முப்பது வருஷம் பேங்க்ல கணக்குப் பார்த்தவன். ஒரு பைசா தப்பு வந்தாலே தூக்கம் வராது எனக்கு.” அவர் பார்வை தீபக்கின்மேல் விழுந்தது. தீபக் சுவரோடு ஒட்டினான்.

“சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி நாங்க ஒரு புது ஃபைல் ஆரம்பிக்கணும். நல்ல காரியம். பெரியவங்க நீங்களே உங்க கையால ஆரம்பிச்சு வைங்க.”

அவர் முகம் கனிந்தது. அந்தப் பதற்றத்திலும் கனிந்தது. குனிந்தார். இடதுகை மேஜையை ஊன்றிக்கொள்ள, வலதுகை மட்டும் கீபோர்டின் வலது கோடிக்குப் போனது. பார்க்காமலேயே, ஒரே ஓட்டமாக, டக டகவென்று ஏழு தட்டு.

/*2//*/

வைஷாலி திரையை நோக்கிக் குனிந்தாள்.

“என்ன சார் இது?” மாதேஸ்வரியின் குரல் தணிந்திருந்தது.

“பிள்ளையார் சுழிம்மா. தமிழ்ப் பொண்ணு, இது தெரியாதா? உ போட்டு ரெண்டு கோடு. இதுல தமிழ் எழுத்து இல்லையே, அதான் நம்ம உகரம் மாதிரியே இருக்கிற ரெண்டு. முன்னும் பின்னும் குறிப்புக்குறி போட்டுட்டா மெஷின் அதைத் தொடாதாம். சாமிக்கு மட்டும்தான் தெரியுமாம். மதன்தான் ஒரு நாள் சொல்லிக் கொடுத்தான். ஆயுத பூஜையன்னைக்கு எல்லாரும் போனப்புறம் ஒவ்வொரு மெஷின்லயும் உக்காந்து... தீபக்குக்கு அவங்க வழக்கப்படி ஸ்ரீ. மதனுக்கு நம்ம...”

அவர் திரும்பி மதனைப் பார்த்தார்.

மாதேஸ்வரி அவருடைய சுழிக்குக் கீழே ஒரு கட்டளையை அடித்தாள். அது நீலமாக வந்திருக்கவேண்டும். பச்சையாக வந்தது. இன்னொன்று. பச்சை. இன்னொன்று. பச்சை.

“கடைசி மூணு எழுத்தப் பாருங்க மேடம்,” என்று வைஷாலியிடம் சொன்னாள். “கோடு, நட்சத்திரம், கோடு. நட்சத்திரத்த முன்னாடி கோட்டோட சேத்தா திறப்பு. பின்னாடி கோட்டோட சேத்தா மூடல். கம்பைலர் மூடல்னு படிச்சுது. அதுதான் சரி. அதனாலதான் புரோகிராம் ஓடுது. ஹெரான் ரெண்டாவது திறப்புன்னு படிச்சுது. ரெண்டு கதவத் தொறந்துட்டு ஒரு கதவக்கூட மூடல. ஸ்ரீக்குள்ள கோடு இல்ல, அதனால தீபக் தப்பிச்சான். ஷாரன் பூஜைக்கப்புறம் வந்தா, தப்பிச்சா. மதன் கலர் தெரியாத மெஷின்ல உக்காந்திருந்தான். அவன் தலைமேல என்ன பூசியிருக்குன்னு அவனுக்கே தெரியல.”

ஃப்ளாப்பியைச் செருகினாள். திருத்திய ஹெரானில் மதனின் ஃபைல் திறந்தது. பச்சை வயல் காணாமல் போயிருந்தது. நீலம், சிவப்பு, அங்கங்கே அளவாக ஒரு பச்சை. வரியை எண்ணச் சொன்னாள்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

வைஷாலி தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “தீபக்கைவிட அதிகம்,” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மாணிக்கவாசகம் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். “நல்லா வரணும்னுதான்மா போட்டேன்,” என்றார். “நம்ம பையனாச்சேன்னு...”

“தெரியுங்க சார்,” என்றாள் மாதேஸ்வரி. அவர்மேல் பாயத்தான் வந்திருந்தாள். பாய்வதற்கு எதிரில் ஆளே இல்லை, ஒரு கிழவர்தான் இருந்தார். அது அவளை இன்னும் எரிச்சலாக்கியது. “ஆனா ‘நம்ம பையனுக்கு’ சுழி போடத் தெரிஞ்ச உங்களுக்கு, அவன் எழுதினத ஓட்டிப் பாக்கணும்னு தோணலயே. பச்சையைப் பாத்ததும் நம்பிட்டீங்களே. தீபக் விஷயத்துல நம்பியிருப்பீங்களா?”

அவர் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். சந்தனச் சுழி கதவோடு சேர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பியது. பிளாஸ்டிக் உறையை எடுத்து மதனிடம் நீட்டினார். பிறகு மேஜைக்கு வந்து, மன்னிப்புக் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். பெங்களூருக்கு உண்மையை எழுதித் தரவேண்டும். பேனா தானாகத் தாளின் உச்சிக்குப் போய், அங்கேயே நின்றது. மாதேஸ்வரியை ஏறிட்டுப் பார்த்தார்.

“போடுங்க சார். காகிதந்தானே, ஒண்ணும் ஆகாது.”

மதன் உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். திரும்ப அடுக்கி மார்போடு வைத்துக்கொண்டான். “சார்,” என்றான். இத்தனை நாளில் அவன் அந்த அறையில் குரலை உயர்த்தியதே இல்லை. “இது இனிமே எங்க வீட்டுலதான் இருக்கும். அப்புறம், நாளைக்கு எனக்குக் கலர் மானிட்டர் வேணும்.”

“அவ்வளவுதானா?” என்றான் ஜேக்கப். “சீட்டையும் மாத்தச் சொல்லு தம்பி. அந்தக் கழிப்பறைக் கதவுக்கும் உனக்கும் என்ன ஜென்மப் பகை?”

கீழே, கேட்டுக்கு வெளியே, பொன்னம்மா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த உறையைப் பார்த்தாள். அழுகை வந்த வேகத்தில் முந்தானை கைக்கு அகப்படவில்லை.

“எம்பட பையன் எழுதினானா கண்ணு? எல்லாம் பச்சை பச்சையா இருந்துதுன்னாங்களே, அது என்ன?”

மாதேஸ்வரி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“பச்சைப் பொய்ங்கம்மா,” என்றாள்.